செட்டிநாட்டு வீட்டுக்கு லோகோவும் வழிகாட்டிப் பலகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கத்துப் பழைய வீடுகள் பல இப்போது தங்கும் விடுதியாகவும், கட்டணம் வாங்கிச் சுற்றிக்காட்டும் வீடாகவும் மாறிவருகின்றன. அப்படி மாறும் வீடுகளுக்கு லோகோ வரைவதும் பலகை செய்து மாட்டுவதும் என் தொழில். வீட்டுக்காரர்கள், விடுதி நடத்துபவர்கள், புதிதாக இந்த வேலைக்கு வரும் டிசைனர் தம்பி தங்கைகள் என்று யார் கூப்பிட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய அதேதான். போனில் பலமுறை சொன்னதை இங்கே ஒருமுறை எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

லோகோ, போர்டு ரெண்டும் ஒரே வேலைதானே? சேர்த்துச் செஞ்சிடலாமே?

ஒரே ஆள் செய்யலாம், ஆனால் வேலை வேறு. லோகோ வீட்டைவிட்டு வெளியே போகும். விசிட்டிங் கார்டு, பில், இணையதளம், சோப்பு உறை என்று வீட்டைப் பார்க்காதவர் கையில் போய்ச் சேரும். போர்டு வீட்டுக்குள் நிற்கும். வந்த இடத்தில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பவருக்கு அது பதில் சொல்ல வேண்டும். லோகோவை நிதானமாக ரசிக்கலாம். போர்டைப் படிக்க இரண்டு நொடிக்கு மேல் ஆனால் அதில் ஏதோ தப்பு.

வரிசை கேட்டால், போர்டுத் திட்டத்தை முதலில் போடுங்கள். எந்த அறைக்கு என்ன பெயர், வருகிறவர் எந்த வழியாகப் போவார் என்று முடிவு செய்யும்போதே வீட்டின் குணம் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு வரைந்த லோகோக்களுக்கு நான் திருத்தம் போட்டது குறைவு.

வீடே இவ்வளவு அழகா இருக்கே, அதுக்கு எதுக்குங்க லோகோ?

நீங்கள் மட்டும் குடியிருக்கிற வீடு என்றால் தேவையே இல்லை. அறை வாடகைக்கு விடுகிறீர்கள், டிக்கெட் போடுகிறீர்கள் என்றால் தேவை. செட்டிநாட்டு வீட்டு முகப்பைப் படம் எடுத்துச் சின்னதாக்கினால் பத்து வீடும் ஒன்று போலத்தான் தெரியும். தூண், சுதைச் சிற்பம், நடுவில் ஒரு வாசல். அந்தப் பத்தில் உங்கள் வீடு எது என்று சொல்ல ஓர் அடையாளம் வேண்டும்.

ஊரே அந்த அடையாளத்தைக் கொடுத்துவிட்ட வீடுகளும் உண்டு. காரைக்குடியில் 1941இல் கட்டிய வீட்டை எல்லோரும் ஆயிரம் ஜன்னல் வீடு என்றுதான் சொல்கிறார்கள். அப்படி ஒரு பெயர் உங்கள் வீட்டுக்கு ஊர் வாயில் இருக்கிறதா என்று முதலில் தெருவில் விசாரியுங்கள். டீக்கடையில் வழி கேட்டால் என்ன பெயர் சொல்கிறார்களோ, அதைத் தாண்டிய பெயரை நான் இன்னும் யோசித்ததில்லை.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது? நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க?

முதல் இரண்டு நாள் கம்ப்யூட்டரைத் திறக்க மாட்டேன். முகப்பிலிருந்து பின்வாசல் வரை நடந்து, எழுத்து என்று எங்கே கண்ணில் பட்டாலும் படம் எடுப்பேன். கம்பிக் கிராதியில் வளைத்த எழுத்து, வெளிச்சுவரில் சுதையில் எழுதிய பெயர், இரும்புப் பெட்டி, கணக்குப் பேரேடு, பழைய கல்யாணப் பத்திரிகை, பித்தளை அண்டாவின் விளிம்பில் வெட்டிய பெயர். இதில் பாதி, வீட்டுக்காரர்களே பல வருடமாகப் பார்க்காததாக இருக்கும்.

முக்கியமாகத் தேடுவது விலாசம். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்களில் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாகக் கோத்து விலாசம் என்பார்கள். முத்தையா, அண்ணாமலை, சிதம்பரம் என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும் சமூகத்தில் இன்னார் என்று சொல்ல அதுதான் வழி. பர்மா, இலங்கை, மலாயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்ய, போனபோது கடையின் பெயரும் அதுவே. அதாவது, லோகோ என்ற சொல் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே இந்த வீடுகளுக்கு லோகோ இருந்தது. ஒரு வீட்டில் மூன்று வாரம் தாமரையும் யானையுமாக வரைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அந்த வீட்டு ஆச்சி குத்துவிளக்கைத் திருப்பி அடியில் இருந்த ஐந்து எழுத்தைக் காட்டினார். கொத்துளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்து. இன்றைக்கு அந்த விடுதியின் லோகோ அதுதான். நான் செய்தது இடைவெளியைச் சரிசெய்தது மட்டும்.

கஜலட்சுமி எங்க வீட்டு வாசல்லயே இருக்கு. அதையே லோகோவா வச்சா என்ன?

வாசலில் இருக்கட்டும். லோகோ என்று ஆனதும் அது காகிதக் கோப்பையிலும் டிஷ்யூவிலும் மிதியடியிலும் ஏறும். குப்பைத் தொட்டியில் கிடக்கும். நிலைக்கு மேலே வைத்துக் கும்பிட்ட உருவம் அப்படிக் கிடப்பதைப் பார்க்க உங்களுக்கே மனம் வராது. சட்டப்படியும் சிக்கல் வரலாம். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம், மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய எதையும் குறியாகப் பதிய முடியாது என்கிறது. சாமி உருவத்தோடு போனால் ஆட்சேபம் வர இடம் கொடுக்கிறோம்.

இன்னொன்று, அந்த உருவத்தில் நுணுக்கம் அதிகம். இரண்டு யானை, தும்பிக்கை, கலசம், தாமரை எல்லாவற்றையும் நகத்தளவுக்குச் சுருக்கினால் மைக்கறைதான் மிஞ்சும். எந்த லோகோவையும் ஒன்றரை சென்டிமீட்டரில், ஒரே நிறத்தில் அச்செடுத்துப் பாருங்கள். அதில் தேறாதது எதிலும் தேறாது.

ஆத்தங்குடிக் கல்லு டிசைன் ஒண்ணை எடுத்து அப்படியே போட்டுடலாமா?

லோகோவாக வேண்டாம், பின்னணிக்கு மிக நல்லது. ஆத்தங்குடிக் கல் சுடுகிற கல் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதற்குள் நிறக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டுத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்த அச்சு பட்டறையில் இருக்கும்வரை அதே பூ பல வீட்டுத் தரையில் விழும். உங்கள் லோகோ பக்கத்து வீட்டுத் தரையில் இருந்தால் அது உங்களைக் காட்டாது. உறை, மெனு அட்டையின் உள்பக்கம், அறைச் சாவி வளையம் ஆகியவற்றில் அந்தக் கோலம் வரலாம்.

நிறம் எடுப்பதற்கும் தரைதான் சரியான இடம். காவிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, தேக்கின் பழுப்பு. இந்த ஐந்துக்கு மேல் ஒரு வீட்டுக்கு நிறம் தேவைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. தரையைத் துடைத்த பிறகு, காலை வெயிலில் படம் எடுத்து நிறம் பாருங்கள். டியூப்லைட்டில் எடுத்தால் எல்லாம் நீலம் பூசிக்கொள்ளும்.

பழைய காலத்து எழுத்துல, அந்தத் துதிக்கை வச்ச "லை"யில எழுதலாமா? எங்க முகப்புல அப்படித்தான் இருக்கு.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை போல வளைந்து வரும். ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் சுழித்து நிற்கும். இந்த வீடுகள் எல்லாம் அதற்கு முன் கட்டியவை என்பதால் சுவரில் இருப்பது அந்த எழுத்துதான். லோகோவில் தாராளமாக வையுங்கள். பெயர் என்பதால் ஒருமுறை படித்தவர் அடுத்த முறை பார்த்தே தெரிந்துகொள்வார். வீட்டின் வயதை இவ்வளவு அமைதியாகச் சொல்லும் வேறு அலங்காரம் எனக்குத் தெரியாது.

வழிகாட்டும் போர்டில் மட்டும் கூடாது. "விருந்தினருக்கு அனுமதி இல்லை" என்ற வரியில் பழைய லை வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளை திணறும். அறை எண்ணைத் தமிழ் எண்ணில் போடச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். ௧, ௨, ௩ கதவில் அழகுக்காக இருக்கலாம், பக்கத்தில் 1, 2, 3 கட்டாயம் வேண்டும்.

எந்த ஃபான்ட் நல்லா இருக்கும்?

போர்டுக்கு, கோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்கிற, சுழிக்குள் நல்ல இடம் விட்டிருக்கிற எழுத்து வேண்டும். முக்தா மலர், காட்டமரன் (Catamaran), நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றும் இலவசம். மூன்றிலும் பல தடிமன் கிடைக்கும். தேர்வு செய்யும்போது "ண, ன, ள, ழ, ற" ஐந்தையும் எழுதி, காகிதத்தை எட்டு மீட்டர் தள்ளி ஒட்டி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ணவும் னவும் ஒன்றாகத் தெரிந்தால் அந்த ஃபான்ட் கார்டுக்குப் போகட்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்புத் தேர்வை இயக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். அதைச் சரிசெய்து அனுப்பினாலும் போர்டு கடையில் வேறு ஃபான்டில் திறந்தால் மறுபடி உடையும். எழுத்தை எல்லாம் கோட்டுருவமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். வெட்டி வந்த பித்தளையில் எழுத்துப்பிழை கண்டுபிடித்தால் தகடே வீண். எனக்கு ஒருமுறை "கழிப்பறை"யில் ப் இல்லாமல் வந்தது. அன்றிலிருந்து வெட்டுவதற்கு முன் காகிதத்தில் எடுத்து, அந்த வேலையில் சம்பந்தமே இல்லாத ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன்.

வர்றவங்க பாதிப் பேர் வெளிநாட்டுக்காரங்க. இங்கிலீஷை மேலே பெருசாப் போடலாமா?

வாசல் பெயர்ப்பலகையில் முடியாது. தமிழ்நாட்டில் கடை, நிறுவனப் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்பது விகிதம். விடுதி நடத்தினால் நீங்களும் அதில் வருவீர்கள். இதைச் சுமையாக நினைக்காதீர்கள். தமிழைப் பெரிதாக, ஆங்கிலத்தை அதன் கீழே அடக்கமாக வைத்த பலகையைத்தான் வெளிநாட்டுக்காரர் நின்று படம் எடுக்கிறார்.

உள்ளே இருக்கும் போர்டுகளில் இரண்டு மொழியும் எல்லாப் பலகையிலும் அதே இடத்தில், அதே ஒழுங்கில் வரட்டும். தமிழ்ச் சொல் பெரும்பாலும் ஆங்கிலத்தைவிட நீளும். அதனால் பலகையின் அகலத்தைத் தமிழை வைத்து முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்தை வைத்து அளவெடுத்துவிட்டுத் தமிழை நெருக்கித் திணித்த போர்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

"வளவு", "பட்டாசாலை"ன்னு எழுதினா வெளியூர்க்காரங்களுக்கு என்ன புரியும்? "முற்றம்", "ஹால்"னு போட்டுடலாமே?

இந்தக் கேள்வியில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. முகப்பு, திண்ணை, வளவு, பட்டாசாலை, இரண்டாம் கட்டு (வளவுக்குப் பின்னால் உள்ள அடுத்த பகுதி), அடுப்படி. இந்தப் பெயர்கள்தான் வீட்டின் வரைபடம். வந்தவர் வளவு என்ற சொல்லைப் போர்டில் பார்த்து, அந்த இடத்தில் நின்று, மேலே வானத்தைப் பார்த்தால் அதற்கப்புறம் அவருக்கு யாரும் பொருள் சொல்ல வேண்டாம். சென்னையில் வளர்ந்த உங்கள் பேரப்பிள்ளைகளும் அந்தப் போர்டில்தான் கற்றுக்கொள்ளப் போகிறார்கள்.

ஆங்கில வரியில் ஒலியை எழுதி, ஓரிரு சொல்லில் விளக்கம் கொடுத்தால் போதும். ஒரே ஒரு விதி. ஓர் இடத்துக்கு ஒரு பெயர்தான். போர்டில் பட்டாசாலை, வரைபடத்தில் கூடம், வரவேற்பில் இருப்பவர் வாயில் ஹால் என்று மூன்று பெயர் ஓடினால் எந்தப் பலகையாலும் வழி காட்ட முடியாது. வேலை செய்கிறவர்களுக்கும் பெயரைச் சொல்லிக்கொடுங்கள்.

எத்தனை போர்டு வேணும்?

நினைப்பதில் பாதி. என் முதல் வீட்டில் 43 பலகை மாட்டினேன். ஒரு வாரம் கழித்துப் போய் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் நிமிர்ந்து படிக்கவே இல்லை, ஆனாலும் யாரும் வழி தவறவில்லை. காரணம் வீடு. செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் நின்றால் நிலைக்குப் பின் நிலையாக, வளவைத் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். கட்டியவர்களே வழியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். "நேராகச் செல்லவும்" என்று அங்கே எழுதுவது வீட்டை நம்பாத செயல். கடைசியில் 17ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றினோம்.

பலகை வேண்டிய இடம், அந்த நேர்கோட்டைவிட்டு விலக வேண்டிய இடம். மாடிப்படி (பெரும்பாலும் ஓரத்தில் ஒளிந்திருக்கும்), கழிப்பறை, வெளியேறும் வழி, நுழையக் கூடாத கதவு. இதோடு செருப்பு விடும் இடம், தலை இடிக்கும் நிலை, தடுக்கிவிடும் உயரமான வாசற்படி. கழிப்பறைக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த வீடுகளில் அது பின்கட்டைத் தாண்டி இருக்கும். முகப்பிலேயே முதல் அம்பு வர வேண்டும்.

எழுத்து எவ்வளவு பெருசா இருக்கணும்? எந்த உயரத்துல மாட்டணும்?

என் கணக்கு, இரண்டரை மீட்டர் தூரத்துக்கு 1 செ.மீ. எழுத்து. பத்து மீட்டரிலிருந்து படிக்க வேண்டுமானால் 4 செ.மீ. அந்த உயரத்தைக் "க", "ப" போன்ற எழுத்தின் உடலில் அளக்க வேண்டும். "கி"யின் மேல்விலங்கு மேலேயும் "கூ"வின் வால் கீழேயும் போவதைச் சேர்த்து அளந்தால் எழுத்து சின்னதாகிவிடும். வரிக்கு வரி தாராளமாக இடம் விடுங்கள், இல்லாவிட்டால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் மேல்விலங்கும் முட்டிக்கொள்ளும். நின்று படிக்கும் பலகையின் நடு, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர்.

அளவைவிட வெளிச்சம்தான் இந்த வீடுகளில் ஆளைக் குழப்பும். வளவில் உச்சி வெயில், அதை ஒட்டிய பட்டாசாலையில் நிழல். வெயிலிலிருந்து உள்ளே வருகிறவருக்குச் சில நொடி எதுவும் தெரியாது. வாசலை ஒட்டி மாட்டிய போர்டு அந்தச் சில நொடிக்குள் பின்னால் போய்விடும். நாலைந்து அடி உள்ளே தள்ளி வையுங்கள். பளபளப்பான பலகை வளவின் வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்கும், மங்கலான பூச்சுதான் வேண்டும். மத்தியானம் ஒருமுறை, விளக்கு போட்ட பிறகு ஒருமுறை, அட்டையில் வெட்டிய மாதிரியை வைத்துப் பார்க்காமல் இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

சுவத்துல ஆணி அடிக்காம எப்படிங்க மாட்டுறது?

இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே செய்த தப்பைத் திருப்பி எடுக்க முடியாது. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்த்துப் பூச்சின் மேல் பூச்சாக ஏற்றிக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. ட்ரில் போட்டால் ஓட்டை மட்டும் விழாது, சுற்றிலும் பூச்சு பின்சுவரைவிட்டுப் பிரியும். தட்டிப் பார்த்தால் பொத்தென்று சத்தம் வரும். சிமெண்ட் வைத்து அடைத்தால் அது சுண்ணாம்போடு ஒட்டாது, நிறமும் சேராது. நான் பார்த்த ஒரு வீட்டில், ஏ.சி. குழாய்க்கும் பெயர்ப்பலகைக்கும் யாரோ போட்ட ஓட்டைகளைச் சுற்றி மழைக்கு மழை வெடிப்பு நீண்டுகொண்டே இருந்தது. அதைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார் கிடைக்கவே மாதக்கணக்கானது.

என்ன வழி என்றால், முதலில் தரையில் நிற்கும் பலகை. அடியில் கனமான கருங்கல்லோ இரும்போ, அதன் கீழே கம்பளித் துணி. அடுத்தது தொங்கும் பலகை. உத்தரத்தில் ஊஞ்சலுக்கும் விளக்குக்கும் போட்ட பழைய கொக்கிகள் இருக்கும், பாரம் தாங்குமா என்று ஆசாரியிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். மூன்றாவது, தூணைச் சுற்றிக் கவ்வும் பித்தளைப் பட்டை. தேக்குத் தூணுக்கும் பட்டைக்கும் நடுவில் தோல் அல்லது கம்பளி வைத்து, திருகை இறுக்கினால் மரத்தில் ஒரு கீறலும் விழாது. ஜன்னல் கம்பியிலும் இப்படிக் கவ்வ வைக்கலாம். வெளிச்சுவரில் வேறு வழியே இல்லை என்றால், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள காரைச் சந்தில் மட்டும், துருப்பிடிக்காத எஃகுத் திருகு.

பசையும் பாதுகாப்பு இல்லை. இரட்டைப் பக்க டேப், எடுக்கும்போது மெருகையும் சேர்த்து எடுக்கும். வினிகர் வாசனை வரும் சிலிக்கான் பளிங்கை அரிக்கும். ஆத்தங்குடிக் கல் நீர் உறிஞ்சும் கல் என்பதால் தரையில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டினால் கறை உள்ளே இறங்கிவிடும். அதை எடுக்க ஆசிட் ஊற்றினால் நிறமே போய்விடும்.

பித்தளையா, மரமா, இல்ல ஏ.சி.பி. (நடுவுல பிளாஸ்டிக் வச்ச அலுமினியத் தகடு) ஷீட்டா?

உள்ளே பித்தளையும் பழைய தேக்கும். ஆனால் பித்தளையில் ஒன்றை மறக்காதீர்கள். வீட்டில் வேலை செய்யும் அக்கா அதைப் புளி போட்டுத் தேய்க்கத்தான் போகிறார். மேலோட்டமாக வெட்டிக் கறுப்பு நிரப்பிய எழுத்து ஆறு மாதத்தில் காணாமல் போகும். ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். பலகையைக் கழற்றித் தேய்க்கிற மாதிரி மாட்டுங்கள், இல்லாவிட்டால் புளித்தண்ணீர் பின்னாலுள்ள மரத்தில் வழியும்.

வெளியே வெயிலுக்கு எனாமல் பூசிய இரும்புத் தகடு. பழைய ரயில் நிலையங்களிலும் கடைகளிலும் பார்த்திருப்பீர்கள், கண்ணாடிப் பூச்சை இரும்போடு சுட்டு ஒட்டியது, நிறம் வெளுக்காது. செய்து கொடுப்பவர்கள் குறைந்துவிட்டதால் காத்திருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் கருங்கல்லில் வெட்டலாம். ஃப்ளெக்ஸ் வேண்டாம், ஒரு கோடையில் சிவப்பு முதலில் வெளுத்துப் போகும்.

கூகுள் மேப் எல்லாரையும் எங்க பின்வாசலுக்குக் கொண்டுபோய் விடுது. என்ன செய்ய?

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் நடப்பதில்லை. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. மேப்பில் புள்ளி நடுவில் விழுந்தால், பக்கத்தில் இருக்கிற தெரு எதுவோ அங்கே கொண்டுபோகும். முதலில் புள்ளியை முகப்பு வாசலுக்கு நகர்த்தித் திருத்தம் கொடுங்கள். கூடவே பின்வாசலில் ஒரு பலகை வையுங்கள். வெறும் அம்பு போதாது. "முகப்பு அடுத்த தெருவில். இடப்பக்கம் திரும்பி மறுபடி இடப்பக்கம்" என்று முழுதாக எழுதுங்கள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் நீங்களாகக் கம்பம் நட முடியாது, நெடுஞ்சாலைத் துறை அனுமதி வேண்டும்.

எங்க அப்பத்தா இன்னும் இரண்டாம் கட்டுல இருக்காங்க. "உள்ளே வராதீர்"னு போட்டா கெட்ட பேரு, போடலைன்னா எல்லாரும் உள்ள வந்துடுறாங்க.

"அனுமதி இல்லை" என்பதைவிட, காரணத்தைச் சொல்லும் பலகைக்கு மரியாதை அதிகம். "இதற்கு அப்பால் குடும்பத்தினர் வசிக்கிறார்கள்" என்று எழுதிப் பாருங்கள். படித்தவர் தானாகக் குரலைத் தாழ்த்துவார். சாமி அறைக்கு "குடும்ப வழிபாட்டு இடம்" போதும். பலகையை மூடிய கதவில் மாட்டாதீர்கள். அதற்குப் பத்தடி முன்னால், வந்தவர் திரும்பிப் போக வசதியாக, குறுக்கே ஒரு பழைய மரப்பெட்டியோ கயிறோ போட்டு அதன் மேல் வையுங்கள். கதவு வரை வந்தவர் எட்டிப் பார்க்காமல் போக மாட்டார்.

அவசர வழி போர்டையும் பித்தளையில, நம்ம லோகோ ஸ்டைல்ல செஞ்சிடலாமா? அந்தப் பச்சை கண்ணை உறுத்துது.

கூடாது. பச்சையில் ஓடும் மனிதர், சிவப்பில் தீயணைப்பான், இரண்டையும் அப்படியே விடுங்கள். புகை சூழ்ந்தால் மனிதர் புதிதாக எதையும் படிக்க மாட்டார், ஏற்கெனவே தெரிந்த படத்தைத்தான் தேடுவார். மரக்கூரையும் தேக்குத் தூணும் உள்ள வீடு இது, தீ என்பது நிஜமான பயம். அழகுக்காக அதன் இடத்தைச் சீராக, ஒரே உயரத்தில் வைக்கலாம். நிறத்தில் கை வைக்க வேண்டாம். பின்வாசல்தான் உங்கள் இரண்டாவது வழி என்றால் அது விருந்தினர் இருக்கும் நேரமெல்லாம் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். பூட்டிய கதவை நோக்கி அம்பு போடும் வேலையை நான் எடுப்பதில்லை.

சக்கர நாற்காலியில வர்றவங்க, கண் தெரியாதவங்க... இந்த வீட்ல அதெல்லாம் முடியுமா?

முழுதாக முடியாது, ஆனால் முயலாமல் இருக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தனியார் நடத்தும் பொது இடங்களையும் சேர்த்தே பேசுகிறது. படி இல்லாமல் எங்கே வரை போகலாம் என்பதை வரைபடத்தில் உண்மையாகக் காட்டுங்கள். பின்வாசல் வழி சமதரை என்றால் அதை முகப்பிலேயே எழுதுங்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள வைக்காதீர்கள்.

பார்வை இல்லாதவருக்கு, தொட்டுப் பார்க்கும் புடைப்பெழுத்தும் தமிழுக்கான பாரதி பிரெயிலும் உள்ள ஒரு வரைபடம் முகப்பில் இருந்தால் நல்ல தொடக்கம். பிரெயில் தெரிந்தவர் ஒருவர் விரல் வைத்துப் படிக்காமல் அதை வெட்டக் கொடுக்காதீர்கள். இந்த வீடுகள் தொடுவதற்குப் பிறந்தவை என்று எனக்குத் தோன்றும். குளிர்ந்த சுவர், தூணின் உருட்சி, தரையின் வழவழப்பு. எந்தத் தூணைத் தொடலாம் என்று ஒரு பலகை வைத்துப் பாருங்கள், கண் தெரிந்தவரும் நின்று தொடுவார்.

அரண்மனைன்னு போட்டா கூட்டம் வரும்ல? அப்புறம் "1880 முதல்"னு ஒரு வருஷமும் போட்டுடுங்க.

கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கட்டியதை அரண்மனை என்று ஊரே சொல்கிறது. உங்கள் வீட்டை ஊர் வீடு என்றுதான் சொல்கிறது என்றால், வீடு என்றே எழுதுங்கள். செட்டிநாட்டில் வீடு என்ற சொல் சின்னச் சொல் இல்லை. அரண்மனை என்று படித்து வந்தவர் சிம்மாசனத்தைத் தேடுவார். வீடு என்று படித்து வந்தவர் வளவில் வாய் பிளந்து நிற்பார்.

வருடத்துக்கு ஆதாரம் வேண்டும். முகப்புக் கிராதியிலோ நிலையிலோ பொறித்த ஆண்டு, பத்திரம், புதுமனை புகுவிழா அழைப்பு இவற்றில் ஒன்றாவது. தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் கவனம், அது அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பும். ஒரு வீட்டைப் பல வருடம் கட்டியிருப்பார்கள், அப்போது எந்த வருடத்தைச் சொல்கிறோம் என்பதையும் எழுத வேண்டும். கிடைக்கவில்லை என்றால் வருடமே வேண்டாம். பித்தளையில் வெட்டிய தப்பான வருடத்தை அடுத்த தலைமுறை உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

வீட்ல எட்டுப் பங்காளி. ஒருத்தருக்குப் பிடிச்சது இன்னொருத்தருக்குப் பிடிக்கலை. லோகோவை யார் முடிவு பண்றது?

டிசைனர் முடிவு செய்யக் கூடாது. ஒருவருக்கு மட்டும் காட்டி ஒப்புதல் வாங்கவும் கூடாது. வேலை எடுக்கும் முன்பே, வீட்டு விஷயத்தில் கையெழுத்து யார் யார் போட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வேன். பிறகு மூன்று நாலு மாதிரி காட்டிப் பிடித்ததைக் கேட்கும் வழக்கத்தை விட்டுவிட்டேன், அது எட்டுச் சண்டையில் முடிகிறது. வீட்டில் எடுத்த படங்களை எல்லோர் முன்பும் வைத்து, "இதில் உங்கள் ஐயா காலத்தில் இருந்தது எது?" என்று கேட்பேன். பேச்சு ரசனையிலிருந்து நினைவுக்குத் திரும்பிவிடும். மேலே சொன்ன விலாசம் இங்கேதான் கைகொடுக்கிறது. எட்டுப் பேருக்கும் பொதுவான முன்னோரின் எழுத்து அது, யாருக்கும் அதில் பங்கு குறைவில்லை.

படைப்பு, கல்யாணம்னு வருஷத்துல சில நாள் வீடு எங்களுக்கே வேணும். அப்ப போர்டெல்லாம் அசிங்கமா இருக்காதா?

இருக்கும். அதனால்தான் சுவரில் ஆணி வேண்டாம் என்று சொல்வதற்கு இரண்டாவது காரணம் வைத்திருக்கிறேன். இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பெட்டியில் அடுக்க முடிய வேண்டும். ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் இடத்தின் பெயரையும் எண்ணையும் எழுதி, மாட்டும் இடங்களின் படம் ஒன்றைப் பெட்டி மூடியில் ஒட்டிக் கொடுத்துவிடுவேன். முன்னோருக்குப் படைக்கிற நாளில் "பட்டாசாலை" என்று யாருக்கும் போர்டு தேவையில்லை.

பரண்ல எங்க தாத்தா கடைப் போர்டு ஒண்ணு கிடைச்சுது. பெயிண்ட் அடிச்சுப் புதுசாக்கி முகப்புல மாட்டலாமா?

பெயிண்ட் டப்பாவை மூடி வையுங்கள். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி மட்டும் தட்டுங்கள், தண்ணீர்த் துணி வேண்டாம், உதிரும் எழுத்து துணியோடு வந்துவிடும். வெயில் விழாத கோணத்தில் நேராக வைத்துப் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலோடு. எழுத்தின் மேல் டிரேசிங் காகிதம் போட்டு, அழுத்தாமல் பென்சிலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு அந்தப் பிரதியிலிருந்து புதுப் பலகை செய்யலாம். பழையதை மழையும் வெயிலும் படாத பட்டாசாலைச் சுவரோரம், தரையிலிருந்து சற்று உயர்த்திச் சாய்த்து வையுங்கள். லோகோ வேண்டுமா என்று கேட்டு என்னைக் கூப்பிடும் முன் அந்தப் படத்தை அனுப்புங்கள், அதில் விலாசம் இருந்தால் நான் வரைய வேண்டியது அதிகம் இருக்காது.